பிக்கப் வண்டி எங்கே தயாராகிறது, பார்ட்ஸ் எந்த ஊர் சரக்கு? கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கிருஷ்ணகிரியில் லோடு வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடை நடத்துகிறேன். மாங்கூழ் ஆலைக்கு ஓடும் வண்டி, ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றும் வண்டி, ஓசூர் ரோஜாவை விடிவதற்குள் பெங்களூரு கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி என்று எல்லாம் இங்கே வந்து நிற்கும். பார்ட்ஸைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இது எந்த ஊர் சரக்குங்க?" நல்ல கேள்வி. ஆனால் கவுண்ட்டரில் கூட்டம் நிற்கும்போது ஒரு வரியில்தான் பதில் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எந்தெந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

டாடா ஏஸ், தோஸ்த், படா தோஸ்த், பொலேரோ பிக்கப், ஜீத்தோ, சூப்பர் கேரி மாதிரி நம் சாலைகளில் தினமும் ஓடும் சிறிய லோடு வண்டிகள். அவற்றோடு இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பெரிய பிக்கப்புகளையும் சேர்த்துக்கொள்கிறேன். பின்னாலே திறந்த தொட்டி, முன்னாலே கேபின் இருந்தால் போதும்.

தோஸ்த் உண்மையிலேயே ஓசூரில்தான் செய்கிறார்களா?

ஆமாம். அசோக் லேலண்ட் 1948-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, எண்ணூர் ஆலைதான் தாய் ஆலை. 1980-இல் ஓசூருக்கு வந்தார்கள். அப்போது இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். மழையை நம்பி ராகியும் கொள்ளும் விதைத்த நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பெங்களூரு பக்கத்தில் இருப்பதும், நிலம் கிடைத்ததும், அரசு சலுகை கொடுத்ததும் சேர்ந்து பெரிய ஆலைகளை இங்கே இழுத்தன.

தோஸ்த் 2011-இல் வெளிவந்தது. அப்போது அது அசோக் லேலண்டும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து நடத்திய கூட்டுக் கம்பெனியின் வண்டி. மூன்று சிலிண்டர், சுமார் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின். 2016-இல் கூட்டு பிரிந்தது, நிசானின் பங்கையும் அசோக் லேலண்டே எடுத்துக்கொண்டது. பிறகு 2020-இல் படா தோஸ்த் வந்தது. அதுவும் ஓசூரில்தான் உருவாகிறது.

"நிசான் போய்விட்டது, இனி பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று அந்தச் சமயத்தில் பலர் பயந்தார்கள். கிடைத்தது, கிடைக்கிறது. வண்டி ஓசூரில் பூட்டப்பட்டது (பாகங்களை இணைத்து முழு வண்டியாக்குவதைத்தான் பூட்டுவது என்கிறோம்), பாகங்களைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இங்கேயே இருந்தார்கள். பங்குப் பத்திரம் கைமாறியதால் அவர்களுடைய லேத் நின்றுவிடவில்லை. வண்டி எடுக்கும்போது முன்பக்கம் இருக்கும் பெயரைவிட, பாகங்கள் எங்கே உருவாகின்றன என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் தோஸ்த் முழுக்க ஓசூர் வண்டி என்று சொல்லலாமா?

பூட்டிய இடம் ஓசூர் என்று சொல்லலாம். முழுக்க ஒரே ஊரில் செய்யப்படும் வண்டி உலகத்திலேயே கிடையாது. வண்டிக் கம்பெனி பொதுவாகத் தன் கையில் வைத்துக்கொள்வது எஞ்சின், கேபின், பெயின்ட், கடைசிப் பூட்டுதல் போன்ற வேலைகள். அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. டயர், கண்ணாடி, பேட்டரி, கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்பிரிங் பட்டை, சீட், ஒயரிங் எல்லாம் வெளியிலிருந்துதான் வரும்.

தமிழ்நாட்டு வரைபடத்தை வைத்தே பார்க்கலாம். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, சக்கர ரிம் செய்யும் வீல்ஸ் இந்தியா மூன்றும் சென்னை பாடியில் வளர்ந்தவை. பிரேக் டிரம் வார்க்கும் வேலைக்குச் சோளிங்கர் பக்கம் ஃபவுண்டரி இருக்கிறது. எம்.ஆர்.எஃப். டயர் திருவொற்றியூர், அரக்கோணம், பெரம்பலூர் ஆலைகளிலிருந்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கண்ணாடி ஆலைகள். கோயம்புத்தூரில் ரூட்ஸ் ஹாரன். ஒரு பிக்கப் நம் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே அதன் பாகங்கள் பாதித் தமிழ்நாட்டைச் சுற்றி வந்துவிடுகின்றன.

குட்டி யானை எங்கே செய்கிறார்கள்?

டாடா ஏஸ் 2005-இல் புனேவில் தொடங்கியது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின். சந்தைக்குள்ளும் தெருவுக்குள்ளும் நுழையும் நான்கு சக்கர லோடு வண்டி என்ற ஒன்றையே அதுதான் கொண்டுவந்தது. அதுவரை அந்த வேலையை மூன்று சக்கர வண்டிகள் செய்துகொண்டிருந்தன. கிராக்கி தாங்காமல், 2007-இல் உத்தராகண்ட் மாநிலத்தில் பந்த்நகரில் ஏஸுக்காகவே தனி ஆலை திறந்தார்கள். கர்நாடகத்தில் தார்வாடிலும் டாடாவின் சிறு வண்டி ஆலை இருக்கிறது.

இமயமலை அடிவாரத்தில் ஏன் ஆலை வைத்தார்கள் என்று கேட்பார்கள். புதிதாகப் பிரிந்த அந்த மாநிலத்தில் ஆலை வைத்தால் 10 ஆண்டு கலால் வரி கிடையாது என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. அசோக் லேலண்டும் அதே பந்த்நகரில் 2010-இல் ஆலை திறந்தது. நம் ஊரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஏஸுக்கு நம் பக்கம் பார்ட்ஸ் தட்டுப்பாடு வராததற்குக் காரணம் ஆலையின் அருகாமை இல்லை. ஓடும் வண்டிகளின் எண்ணிக்கைதான். எது நிறைய ஓடுகிறதோ அதற்குச் சின்ன டவுனில்கூட சரக்கு இருக்கும்.

மஹிந்திரா பிக்கப்?

மகாராஷ்டிராதான் மஹிந்திராவின் அடித்தளம்: மும்பை காந்திவலி, நாசிக், சாக்கன், எஞ்சினுக்கு இகத்புரி. தெலங்கானாவில் ஜஹீராபாத் ஆலை இருக்கிறது. ஜீத்தோ அங்கே செய்யப்படுகிறது. தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மஹிந்திராவின் வடிவமைப்பு, ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிறது, வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் தடம் செய்யாறு பக்கம் இருக்கிறது.

மாருதி சூப்பர் கேரி ஹரியானாவின் குருகிராமில் உருவாகும் வண்டி.

இசுசுவும் ஹைலக்ஸும் வெளிநாட்டு வண்டிகள்தானே? பார்ட்ஸ் ஜப்பானிலிருந்து வர வேண்டுமா?

பெயர் ஜப்பான். வண்டி நம் பக்கத்து மாநிலத்தில் பூட்டப்படுகிறது. இசுசு 2016-இல் ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில் ஆலை திறந்தது. தடா எல்லையைத் தாண்டியதும் வரும் இடம். டி-மேக்ஸ் அங்கே தயாராகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் இந்தியாவுக்கு வந்தது. அதை மைசூரு சாலையில் பிடதி ஆலையில் பூட்டுகிறார்கள். பெருமளவு பாகங்கள் தொகுப்பாக வெளிநாட்டிலிருந்து வந்து, இங்கே இணைக்கப்படும் முறை.

இதில் நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் போனால் ஜிகணி வரும். அங்கே டொயோட்டா குழுமத்தின் எஞ்சின் ஆலை 2016-இலிருந்து ஜி.டி. வகை டீசல் எஞ்சின்களைச் செய்கிறது. இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் இரண்டும் அந்த எஞ்சின் குடும்பத்தைப் பயன்படுத்தும் வண்டிகள். ஹைலக்ஸில் இருக்கும் 2.8 லிட்டர் எஞ்சினும் அதே குடும்பம்தான். பிடதியில் டொயோட்டாவின் பார்ட்ஸ் கம்பெனி 2004-இலிருந்தே ஹைலக்ஸ் குடும்பத்து வண்டிகளுக்கான கியர்பாக்ஸைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஹைலக்ஸ் இந்தியச் சாலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பிடதியில் செய்த கியர்பாக்ஸ் வேறு நாட்டு ஹைலக்ஸுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை எந்தப் பெயர்ப்பலகையும் சொல்லாது.

உலக அளவில் ஹைலக்ஸின் பெரிய தளம் ஜப்பான் கூட இல்லை, தாய்லாந்து. அர்ஜென்டினாவில் சாரத்தே, தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஆகிய இடங்களிலும் ஆலைகள் உண்டு. இசுசு டி-மேக்ஸும் தாய்லாந்தில்தான் அதிகம் உருவாகிறது. ஃபோர்டு ரேஞ்சரும் அங்கே ராயோங்கில் தயாராகிறது. தாய்லாந்து அரசு பிக்கப்புக்குக் காரைவிடக் குறைந்த வரி வைத்தது. மக்கள் அதையே வாங்கினார்கள், கம்பெனிகள் அங்கேயே ஆலை வைத்தன, பார்ட்ஸ்காரர்களும் பின்னாலேயே போனார்கள்.

நம் மாவட்டத்தில் பிக்கப்புக்குப் பயன்படும் என்னென்ன பாகங்கள் உருவாகின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஓசூர் ராயக்கோட்டை சாலையில் லூக் கிளட்ச் ஆலை இருக்கிறது. இப்போது ஷேஃப்லர் இந்தியா கம்பெனியின் பகுதி. எஞ்சினுக்குள் கிராங்க் சுழலும் இடத்தில் வரும் மெல்லிய பேரிங் ஓடுகளைச் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் கம்பெனிக்கு ஓசூரில் ஆலை உண்டு. எக்ஸைட் பேட்டரி ஆலை உண்டு. உலோகத் தூளை அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டுப் பாகம் செய்யும் சுந்தரம் ஃபாஸனர்ஸ் பிரிவு இருக்கிறது. பேலகொண்டப்பள்ளி பக்கம் அலுமினியம் வார்ப்பும் வண்டி சீட்டும் செய்கிறார்கள். இவற்றில் எது எந்த மாடலுக்குப் போகிறது என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆனால் உங்கள் பிக்கப்பின் பானெட்டைத் திறந்தால் ஓசூரில் பிறந்த ஒரு பாகமாவது கண்ணில் பட நிறைய வாய்ப்பு இருக்கிறது.

பெரிய ஆலைகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குப் பின்னால் சிட்கோ பேட்டையிலும், மூக்கண்டப்பள்ளியிலும், தெருவுக்குள் தெருவாகவும் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. இரண்டு சி.என்.சி. மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், ஐந்தாறு ஆட்கள். பெரிய கம்பெனி இரும்பைக் கொடுக்கும், இவர்கள் கடைந்து கொடுப்பார்கள். ஜாப் ஒர்க் என்று சொல்வோம். டெலிவரி சலானோடு சரக்கு போய்விடும். பாகத்தின் மேலே அவர்கள் பெயர் இருக்காது. வண்டி யார் செய்தது என்று கேட்டால் இவர்களையும் சேர்த்துத்தான் நான் சொல்வேன்.

ஒரு கியரை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதலில் கலப்பு எஃகுக் கம்பி வேண்டும். மேட்டூர் பக்கம் பொட்டனேரியில் இருக்கும் ஜே.எஸ்.டபிள்யூ. சேலம் ஆலை, வண்டிப் பாகங்களுக்கான இந்த மாதிரி எஃகைத்தான் உருக்குகிறது. (சேலம் உருக்காலை என்று நாம் சொல்வது வேறு. அது அரசு ஆலை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பேர்போனது.) கம்பியைத் துண்டாக்கி, பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்தால் வட்டமான முரட்டுத் துண்டு கிடைக்கும். அதை லேத்தில் கடைந்து ஒழுங்குபடுத்துவார்கள். அப்புறம் ஹாபிங் மெஷினில் பல் வெட்டுவார்கள். இந்த நிலையில் பல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வண்டியில் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை: கார்பன் வாயு நிறைந்த உலையில் 900 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்து, எண்ணெயில் அமுக்கி எடுப்பார்கள். மேல்தோல் மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கடினமாகும். உள்ளே எஃகு நெகிழ்வாகவே இருக்கும். மேலே கடினம் இல்லையென்றால் பல் தேயும். உள்ளே நெகிழ்வு இல்லையென்றால் லோடு ஏற்றிக் கிளட்சை விட்டதும் பல் உடையும். கடைசியில் கிரைண்டிங், அளவு சரிபார்ப்பு.

மலிவு கியரில் வெட்டப்படுவது இந்த உலை நேரம்தான். கண்ணால் பார்த்தால் தெரியாது. அனுபவமுள்ள மெக்கானிக் பல்லின் ஓரத்தில் ஒரு நல்ல அரத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். சரியான கியரில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். கடித்துத் தூள் வந்தால் அந்தக் கியர் வேண்டாம்.

தர்மபுரியில் எதுவும் இல்லையா?

ஓசூர் அளவுக்கு இல்லை. நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பேட்டைக்கான வேலைகள் நடக்கின்றன. ஆனால் ஆளை எண்ணினால் தர்மபுரிக்குப் பங்கு பெரிது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கமிருந்து கம்பெனி பஸ்களில் தினமும் ஓசூருக்குப் போகும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பிள்ளைகளைப் பாருங்கள். ஆலை ஓசூரில் இருக்கிறது, செய்யும் கை பல நேரம் தர்மபுரிக்காரர்களுடையது. சிப்காட் அவர்கள் ஊருக்கே வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

என் வண்டி எங்கே செய்தது என்று சேஸிஸ் நம்பரில் பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். சேஸிஸ் நம்பரில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்று, பூஜ்யம் என்று குழம்பிவிடக்கூடாது என்பதற்காக விட்டுவிட்டார்கள். முதல் மூன்று இடம் தயாரிப்பாளரைச் சொல்லும். எம்.ஏ.டி. என்றால் டாடா. எம்.ஏ.1 என்றால் மஹிந்திரா. எம்.பி.1 என்றால் அசோக் லேலண்ட். எம்.பி.ஜே. என்றால் டொயோட்டா கிர்லோஸ்கர்.

முதல் எழுத்து எம் என்றாலே இந்தியா என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் எம்தான். இரண்டாம் எழுத்தையும் பார்க்க வேண்டும். எம்.ஏ., எம்.பி. எல்லாம் இந்தியா, எம்.ஆர். தாய்லாந்து. ஜே என்று தொடங்கினால் ஜப்பான், எல் என்றால் சீனா, 1, 4, 5 என்றால் அமெரிக்கா.

பத்தாவது இடம் பொதுவாக ஆண்டு, பதினொன்றாவது பொதுவாக ஆலை. ஆனால் எந்த எழுத்து எந்த ஆலை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டீலரின் சர்வீஸ் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பார்ட்ஸ் வாங்க வரும்போது சேஸிஸ் நம்பரை போனில் படம் எடுத்து வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. ஒரே மாடலில் நடுவில் கிளட்ச் அளவோ பிரேக் அளவோ மாறியிருக்கும். "2018 மாடல்" என்று மட்டும் சொன்னால் தப்பான பொருள் போக வாய்ப்பு உண்டு.

கம்பெனி பார்ட்ஸ், ஒரிஜினல், லோக்கல், டூப்ளிகேட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட டப்பாவில் வருவது கம்பெனி பார்ட்ஸ். அதை அந்த வண்டிக் கம்பெனியே செய்திருக்க வேண்டும் என்பதில்லை. உதாரணத்துக்கு, பிரேக் பாகத்தைச் செய்வது பிரேக் கம்பெனி. வண்டிக் கம்பெனி வாங்கித் தன் டப்பாவில் போட்டு, தன் உத்தரவாதத்தோடு விற்கும். அதே பிரேக் கம்பெனி தன் சொந்தப் பெயரில், தன் சொந்த டப்பாவில் சந்தைக்கும் விடும். அதுதான் ஒரிஜினல். விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். என் கடையில் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த வகையைத்தான்.

லோக்கல் என்பது மூன்றாவது வகை. வண்டிக் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்காத, ஆனால் தன் பெயரைத் தைரியமாகப் போட்டு விற்கும் சிறு தயாரிப்பாளர். லோக்கல் என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கும். இவர்களில் மிக நேர்மையானவர்கள் உண்டு. ரப்பர் புஷ், கண்ணாடி பிராக்கெட், தொட்டியின் கொண்டி, மட்கார்டு மாதிரிப் பொருள்களுக்கு நல்ல லோக்கல் சரக்கு தாராளமாகப் போதும்.

டூப்ளிகேட் என்பது முற்றிலும் வேறு. அடுத்தவர் பெயரைத் திருடி, அடுத்தவர் டப்பாவைப் போல அச்சடித்து விற்பது. அது குற்றம். செய்தவர் யார் என்றே தெரியாது, உடைந்தால் கேட்க ஆள் இல்லை.

டப்பாவைப் படிக்கப் பழகுங்கள். பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது அடைத்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதம் ஆண்டும், எம்.ஆர்.பி.யும், புகார் சொல்லத் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். இறக்குமதி என்றால் எந்த நாடு என்றும் போட வேண்டும். "விற்பனை செய்பவர்" என்று ஒரு முகவரி பெரிதாக இருக்கும், "தயாரித்தவர்" என்று இன்னொன்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் நீங்கள் கேட்ட "எந்த ஊர் சரக்கு" என்பதற்குப் பதில். முகவரியே இல்லாத டப்பாவை, விலை பாதியாக இருந்தாலும், வாங்காதீர்கள். இப்போது பல கம்பெனிகள் ஹாலோகிராம் ஒட்டுகிறார்கள், கியூ.ஆர். கோடு போடுகிறார்கள். கடையிலேயே போனை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

பிரேக், ஸ்டீரிங், சக்கர பேரிங் மூன்றிலும் எந்தச் சமரசமும் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கூடக் கேட்டுக்கொள்வேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. லோடோடு இறங்கும் வண்டியில் பிரேக் லைனிங் சூடேறிக்கொண்டே போகும். நல்ல லைனிங் அந்தச் சூட்டிலும் பிடிக்கும்படி செய்யப்பட்டது. போலி லைனிங் ஊர்த் தெருவில் நன்றாகவே பிடிக்கும், வாங்கியவருக்கும் திருப்தியாக இருக்கும். இறக்கத்தின் பாதியில் காய்ந்து வழுக்க ஆரம்பிக்கும். அந்த இடத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். லைனிங்கில் மிச்சம் பிடித்த பணம் எதற்கும் உதவாது. இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குங்கள், நல்ல லைனிங் போட்டிருந்தாலும்.

சீனா சரக்கு என்றால் மோசமா?

நாட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. பெயரில்லாமல் வரும் பேரிங், எல்.இ.டி. விளக்கு போன்றவற்றில் மோசமானவை நிறைய வந்து குவிகின்றன என்பது உண்மை. அதே நேரம், இந்திய வண்டிக்குள்ளேயே வெளிநாட்டுப் பொருள் கட்டாயம் இருக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியில் இருக்கும் சிப் வெளிநாட்டிலிருந்து வந்தது. 2021-இல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற எல்லாப் பாகமும் தயாராக இருந்தும் வண்டிகள் நின்றன, புது வண்டிக்குப் பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொட்டியை எங்கே கட்டுகிறார்கள்?

பெரும்பாலான பிக்கப்புகள் ஆலையிலிருந்தே தொட்டியோடு வருகின்றன. கேபினும் சேஸிஸும் மட்டும் வாங்கி, வெளியில் பாடி கட்டுபவர்களும் உண்டு. லாரி பாடிக்கு நாமக்கல், திருச்செங்கோடு பக்கம்தான் பேர்போன இடம். கோழி ஏற்ற, பால் ஏற்ற, தண்ணீர் கேன் அடுக்க என்று தனி அமைப்பு வேண்டுமென்றால் அங்கே நல்ல கைகள் இருக்கின்றன. உயரம், நீளம் கூட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எஃப்.சி.யில், அதாவது தகுதிச் சான்று வாங்கும்போது, வண்டி நிற்கும்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே பிக்கப் எல்லாம் அவர்கள் நாட்டிலேயே செய்தது என்கிறான். உண்மையா?

பாதி உண்மை. ஃபோர்டு எஃப்-150 மிச்சிகனில் டியர்பார்னிலும், மிசூரியில் கன்சாஸ் சிட்டி பக்கமும் உருவாகிறது. டொயோட்டா டன்ட்ரா ஜப்பான் பெயர்தான், செய்வது டெக்சாஸில் சான் அந்தோனியோவில். ஆனால் ஃபோர்டு மேவரிக் மெக்சிகோவில் செய்தது. டொயோட்டா டகோமாவும் மெக்சிகோ. ஷெவ்ரலே சில்வராடோவில் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்று நாட்டில் செய்ததும் உண்டு. ஒரே பெயர்ப்பலகை, மூன்று நாடு.

தாய்லாந்து பிக்கப் அமெரிக்காவுக்குப் போகாததற்கு ஒரு கோழிக் கதை இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது. ஐரோப்பியர்கள் வரி போட்டார்கள். பதிலுக்கு அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் சில பொருள்களுக்கு 25 சதவீத வரி அறிவித்தார். அதில் சிறிய டிரக்கும் ஒன்று. மற்றவற்றின் வரி பிறகு நீங்கியது, டிரக் வரி மட்டும் நீங்காமல் நிலைத்துவிட்டது. அதனால்தான் ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்கச் சந்தைக்கான பிக்கப்பை வட அமெரிக்காவிலேயே செய்கின்றன.

அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. புது வண்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: அமெரிக்க, கனடா பாகங்கள் எத்தனை சதவீதம், எஞ்சின் எந்த நாடு, கியர்பாக்ஸ் எந்த நாடு, பூட்டிய ஊர் எது என்று. 1992-இல் போட்ட சட்டம். நம் ஷோரூம்களிலும் அப்படி ஒரு சீட்டு கட்டாயமாக வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். வாங்குபவருக்கும் நல்லது, ஓசூர் பட்டறைகளுக்கும் நல்லது.

வேண்டிய பார்ட்ஸ் நம் ஊரில் கிடைக்காவிட்டால்?

முதலில் ஓசூர், அடுத்து பெங்களூரு ஜே.சி. ரோடு. அங்கேயும் இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோடு. பழைய வண்டியின் பாகம் என்றால் புதுப்பேட்டை. ஆனால் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, ஹவுசிங் வாங்கலாம், பழைய பிரேக் பாகமும் ஸ்டீரிங் பாகமும் வேண்டாம்.

புது வண்டி எடுக்கப் போகிறேன். எப்போது செய்தது என்று எங்கே பார்ப்பது?

வண்டியில் தயாரிப்பாளரின் தகடு ஒன்று இருக்கும். கதவுத் தூணிலோ எஞ்சின் பக்கமோ பாருங்கள். டீலர் கொடுக்கும் விற்பனைச் சான்று, அதாவது படிவம் 21-இல் தயாரித்த மாதமும் ஆண்டும் எழுதியிருக்கும். பதிவு செய்த பிறகு ஆர்.சி.யிலும் வரும். பதிவுக்கு முன்பே பாருங்கள், ஜனவரியில் எடுக்கும் வண்டியில் இன்னும் கவனமாகப் பாருங்கள். போன வருடம் செய்து யார்டில் நின்ற வண்டியாக இருக்கலாம். அது தவறில்லை, ஆனால் அதற்கேற்ற தள்ளுபடியைக் கேட்டு வாங்க வேண்டும். மறுவிற்பனையில் ஒரு வருடம் பழையதாகத்தான் கணக்கு வரும்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நீளமான குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-வது வாரம். நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்ததாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரொம்பப் பழையதாக இருந்தால், மாற்றிக் கொடுத்த பிறகே சாவியை வாங்குங்கள்.